களைப்புக்குப் பாடியது மட்டுமா?

கேள்வி: நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நாட்டுப்பாடல்களை வரலாற்றுச் சான்று என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். களைப்புத் தெரியாமல் இருக்க எதையோ பாடுகிறார்கள். அதைப் போய்ச் சான்று என்பதா?
(வாசகர், பர்கூர்)

பதில்: களைப்புக்குப் பாடும் பாட்டு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1882 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் டிரிம்டன் கிரேஞ்ச் சுரங்கம் வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக சுமார் 70 பேர் செத்தார்கள். டாமி ஆம்ஸ்ட்ராங் என்ற சுரங்கத் தொழிலாளி சில நாட்களுக்குள் அதைப் பாட்டாகக் கட்டி, விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் பணம் திரட்டப் பாடினார். இது களைப்பு தீரவா?

அப்புறம் 1931. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், ஹார்லன் மாவட்டம். புளோரன்ஸ் ரீஸ் என்ற பெண்ணின் கணவர் சுரங்கத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்த்தவர். அவரைத் தேடி ஷெரீஃபின் (மாவட்டப் போலீஸ் தலைவரின்) ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கிளறிப் போட்டார்கள். கணவர் அங்கே இல்லை. புளோரன்ஸும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். வந்த ஆட்கள் போனபின் அந்தப் பெண் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் பாட்டை எழுதினார். மெட்டு, பழைய தேவாலயப் பாட்டு மெட்டு. அந்த வீட்டில் நடந்தது ஷெரீஃபின் ஏட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே நாட்டில் கூலியைக் காசாகத் தராமல், கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகத் தந்த வழக்கமும் பாட்டில் ஏறியது. எவ்வளவு வெட்டினாலும் கடன் தீராது. குவாரியிலோ செங்கல் சூளையிலோ அட்வான்ஸ் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையைக் கடப்பாரை போட்டு நெம்பும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். சாமி பெயரில் தொடங்கும். நாலாவது அடியில் மேஸ்திரி கூலியில் பிடித்துக்கொண்டது வந்துவிடும். மேஸ்திரி அங்கேயேதான் நிற்பார். பாட்டாயிற்றே, என்ன சொல்ல முடியும்? அந்த அடியை எந்தக் கூலிப் பதிவேட்டில் தேடுவீர்கள்?

பாறையைத் துளைக்கும் கம்ப்ரசர் வந்தபின் அந்த இரைச்சலில் பாட்டு நின்றுபோனது. பாடியவர்கள் இன்று வயதாகி, கல்தூசி தின்ற நெஞ்சோடு உங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறார்கள். இரண்டு அடி பாடினால் மூச்சு வாங்குகிறது. சரி, நீங்களே போய் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். பாடியவர் பெயரையும், எந்த வேலைக்குப் பாடியது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.