தாடை மூட்டு வலி: பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், நான் நாள் முழுவதும் கணினி முன் வேலை செய்பவன். மாலையானால் காதுக்கு முன்புறம் வலிக்கிறது. காதில் கோளாறு இல்லை என்று காது மருத்துவர் சொல்லிவிட்டார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாக வீட்டில் யாரும் சொன்னதில்லை. பிறகு ஏன் இந்த வலி?

பதில்: விழித்திருக்கும்போதே நீங்கள் பல்லைச் சேர்த்து வைத்திருக்கக்கூடும். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அங்கே உருண்டு நகர்வதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. மூட்டு காதை ஒட்டியே அமைந்திருப்பதால், அதன் வலி பலருக்குக் காதுவலியாகவே தோன்றுகிறது. வாயை மூடியிருக்கும்போது பற்களும் சேர்ந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில், உதடுகள் சேர்ந்திருக்க, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே தாடைக்கு ஓய்வு. மெல்லவும் விழுங்கவும் தவிர, பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய தேவையே இல்லை. திரையில் கவனம் குவிந்திருக்கையில் அவை நம்மை அறியாமல் சேர்ந்துவிடுகின்றன. அழுத்திக் கடிக்காமல் இலேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும், கன்னத்துத் தசை மணிக்கணக்கில் இறுகியிருப்பதால் மாலையில் களைத்து வலிக்கிறது.

இன்றிரவு கண்ணாடி முன் நின்று வாயின் உட்புறத்தைப் பாருங்கள். பற்கள் சந்திக்கும் மட்டத்தில் கன்னத்தின் உள்ளே வெண்ணிறக் கோடும், நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த நெளிவுகளும் தெரிந்தால், இந்தப் பழக்கம் இருப்பதாகச் சந்தேகிக்கலாம். 'இன்' என்று சொல்லும்போது நாக்கின் நுனி மேலண்ணத்தில் எங்கே படுகிறதோ, அங்கேயே அதை ஓய்வாக வைத்துக்கொண்டு கீழ்த்தாடையைத் தளரவிடுங்கள், பற்கள் விலகிவிடும். கைப்பேசியில் மணிக்கு ஒருமுறை நினைவூட்டல் வைத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் பற்கள் எப்படி இருக்கின்றன என்று கவனித்து வந்தாலே சில வாரங்களில் வேறுபாடு தெரியும்.

கேள்வி: தையல் கடை நடத்துகிறேன், டாக்டர். குண்டூசிகளைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு வேலை செய்வது, நூலைப் பல்லால் கடித்து அறுப்பது எல்லாம் வழக்கம். இதனாலும் தாடை வலிக்குமா?

பதில்: வலிக்கும், அம்மா. முன்பற்களால் ஒரு பொருளைப் பற்றிக்கொள்ள வேண்டுமானால், கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி அப்படியே பிடித்திருக்க வேண்டும். அந்த நிலையில் மூட்டுக்கும் தசைக்கும் ஓய்வே இல்லை. ஊசி தவறித் தொண்டைக்குள் போகும் அபாயம் வேறு. மணிக்கட்டில் ஒரு பஞ்சுப்பட்டையைக் கட்டிக்கொண்டு அதில் ஊசிகளைக் குத்தி வையுங்கள். நூலுக்குக் கத்தரி இருக்கட்டும்.

கேள்வி: இடப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தை என்பதால் ஓராண்டாக வலப்பக்கமே மெல்லுகிறேன். இப்போது வலப்பக்கத் தாடை வலிக்கிறது.

பதில்: முதலில் சொத்தைக்கு வைத்தியம் செய்துகொள்ளுங்கள், அதுவரை இருபக்கமும் மெல்லச் சொல்வதில் பொருளில்லை. வலி தணியும்வரை முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங் கம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு என்று ஓரிரு வாரங்கள் சாப்பிடலாம். வெதுவெதுப்பான ஒத்தடம் இதமளிக்கும். கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையின் கீழ் கையை முட்டுக்கொடுத்து, வாய் அகலத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாயைத் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் வருகிறது; வலி இல்லை.

பதில்: மூட்டின் நடுவே மெத்தைபோல் இருக்கும் சிறு தட்டு இடம் பெயர்ந்து திரும்புவதால் வரும் சத்தம் அது. வலியும் தடையும் இல்லாதவரை சிகிச்சை வேண்டாம். வேண்டுமென்றே சத்தம் எழுப்பிப் பார்க்காதீர்கள். தாடை பூட்டிக்கொண்டால் உடனே வாருங்கள்.

கேள்வி: என் கணவருக்குப் பாக்கு மெல்லும் பழக்கம் உண்டு. இப்போது வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. காரம் பட்டால் எரிகிறது என்கிறார். தாடை மூட்டில்தான் கோளாறா?

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் கவலைப்பட்டேன். ஒரு கையின் மூன்று விரல்களைச் சேர்த்து அவருடைய முன்பற்களுக்கிடையே செங்குத்தாக நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாமல், எரிச்சலும் இருந்தால், மூட்டைவிட வாயின் உட்சவ்வையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பாக்கினால் அந்தச் சவ்வு நார்போல் இறுகி வெளுத்துவிடும். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேராத வெறும் பாக்கும் இதை உண்டாக்கும். இன்றே பாக்கை நிறுத்தச் சொல்லி, இந்த வாரத்திலேயே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.