கடலை, எள், சூரியகாந்திக்கு என்ன உரம்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூர் அங் மோ கியோ சமூகத் தோட்டத்திலிருந்து: அக்கா, கடலைச்செடி கரும்பச்சையாகப் புதர் மாதிரி வளர்ந்திருக்கிறது. பிடுங்கிப் பார்த்தால் பாதி பொக்கு. மாதாமாதம் கோழி உரம் போடுகிறோம். இன்னும் கூட்டலாமா?

கூட்டாதீர்கள் தம்பி, நிறுத்துங்கள். கோழி உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். அது தாராளமாகக் கிடைத்தால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சு கடலையில் குறையும், இலைதான் கொழிக்கும். பொக்குக்குக் காரணம் பெரும்பாலும் கால்சியம் போதாமைதான். காய்க்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பகுதி வேர் வழியாக வருவதில்லை. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் பக்கத்து மண்ணிலிருந்து நேரே உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே காய் பிடிக்கிற மேல்மண்ணிலேயே அது இருக்க வேண்டும்; இங்கே பெய்கிற மழைக்கு அங்கே தங்குவது கஷ்டம். விதைத்த 40–45ஆம் நாள் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) தூவி மண் அணையுங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 400 கிலோ. உங்கள் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 40 கிராம். ஜிப்சத்தில் கந்தகமும் இருக்கிறது, எண்ணெய்ச் சத்துக்கு அது மிகவும் முக்கியம்.

அதே தோட்டத்திலிருந்து இன்னொருவர்: முட்டை ஓடு போதாதா?

பொடித்துப் போட்டாலும் மெதுவாகத்தான் கரையும். இந்தக் காய்க்கு உதவாது. உரக்குழியில் போட்டு வையுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து (நிலம் புதுக்கோட்டைப் பக்கம்): அப்பா கடலைக்கு ரைசோபியம் வாங்கியிருக்கிறார். பூஞ்சாண மருந்தையும் சேர்த்தே விதையில் கலக்கச் சொல்கிறாராம் கடைக்காரர். சரியா?

சரியில்லை. ரைசோபியம் வேரில் அந்த முடிச்சை உண்டாக்கும் உயிருள்ள பாக்டீரியா, மருந்தோடு சேர்த்தால் செத்துப்போகும். மருந்து கலந்துதான் ஆக வேண்டுமென்றால் அதை முதலில் கலந்து, 24 மணி நேரம் விட்டு ரைசோபியம் கலக்கட்டும். மருந்துக்குப் பதில் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) போடுவதே என் விருப்பம். ஹெக்டேர் விதைக்கு 600 கிராம் ரைசோபியம், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதைத்தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டி, நிழலில் அரைமணி உலர்த்தி அன்றே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காய வைத்தால் வாங்கிய காசு வீண். பொட்டலத்தின் காலாவதித் தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள். தகரக் கூரைக்கடியில் கிடந்த பொட்டலம் என்றால் தேதி இருந்தும் பயனில்லை.

பலித்ததா என்று பார்க்க, பூக்கும் சமயத்தில் ஒரு செடியைத் தோண்டி முடிச்சை நகத்தால் கீறட்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

ஈசூனிலிருந்து: எள்ளுக்கும் இதே பொட்டலம்தானா? ஊருக்குப் போகும்போது இங்கே கொண்டுவரலாமா?

எள் பயறு வகை இல்லை, அதன் வேரில் ரைசோபியம் முடிச்சு போடாது. அதற்குத் தழைச்சத்து தரும் அசோஸ்பைரில்லமும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவும்தான் நுண்ணுயிர் உரம். பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். மண்ணும் நுண்ணுயிர் உரமும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் இங்கே வரக்கூடாது. நன்றாக மக்கிய கம்போஸ்டே இங்கே போதும். எள்ளுக்கு உரத்தைவிட வடிகால் பெரிது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். பாத்தியை உயர்த்தி, டிசம்பர் மழை ஓய்ந்தபின் விதையுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: வீட்டு நடைபாதையில் தொட்டியில் சூரியகாந்தி. காப்பிக்கடைச் சக்கையை அப்படியே போடலாமா?

பச்சையாகப் போடாதீர்கள் தங்கச்சி. காய்ந்த இலையோடு மக்க வைத்து, கறுத்து மண்வாசம் வந்தபின் தொட்டி மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு கலக்குங்கள். தினம் ஆறு மணி நேர வெயில் அந்த நடைபாதையில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழாவிட்டால் எந்த உரமும் பூ கொண்டுவராது. தொட்டிக்கடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அந்தத் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.