ஓவிய சிகிச்சையாளரின் முதல் வேலை: கேள்வி பதில்

பிரிட்டனில் கலைவழி சிகிச்சைப் படிப்பை முடித்து, வேலைக்குள் நுழைபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. லண்டனில் ஓவிய சிகிச்சையாளராகவும், புதியவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் பணியாற்றும் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதுகலைப் பட்டம் வந்துவிட்டது. ‘ஓவிய சிகிச்சையாளர்’ என்று இப்போதே போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு கிடைத்த பிறகே பயன்படுத்தலாம். இசை, நாடக சிகிச்சையாளர்களுக்கும் இதே விதிதான். படித்து முடித்த இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் தொடக்கக் காலப் பதிவுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு.

என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசுச் சுகாதாரச் சேவை) வேலையில் எனக்கு ‘பிரிசெப்டர்’ ஒருவரை நியமித்திருக்கிறார்கள். அதனால் தனியாக மேற்பார்வை வேண்டாம் என்கிறார் மேலாளர். சரியா?

இல்லை அம்மா, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரிசெப்டர் பக்கத்தில் நின்று வழிகாட்டும் மூத்த ஊழியர். பதிவேடு எழுதுவது, கூட்டத்தில் பேசுவது, யாரிடம் எதைக் கேட்பது என்பதையெல்லாம் அவரிடம் கற்கலாம். அவர் தொழில்வழி சிகிச்சையாளராகவோ செவிலியராகவோ கூட இருக்கலாம். எச்.சி.பி.சி. 2023இல் பிரிசெப்டர் வழிகாட்டுதலுக்கென ஐந்து கோட்பாடுகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றைப் படித்துவிட்டு மேலாளரிடம் பேசுங்கள்.

மேற்பார்வை முற்றிலும் வேறு. சிகிச்சைக்கு வரும் ஒருவர் வாரந்தோறும் தாள் முழுக்கக் கருப்பு மையைப் பூசிவிட்டுப் பேசாமல் எழுந்து போகிறார். வீட்டுக்கு வந்த பிறகும் உங்கள் நெஞ்சு கனக்கிறது. அந்தக் கனம் அவருடையதா, உங்களுடையதா என்று பிரித்துப் பார்க்க, அந்தப் படத்தை உங்களோடு உட்கார்ந்து பார்க்கும் கலைவழி சிகிச்சையாளர் ஒருவர் வேண்டும். குழுவில் அப்படி யாரும் இல்லையென்றால், வெளி மேற்பார்வைக்கான செலவையும் நேரத்தையும் நிர்வாகமே ஏற்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்பது இன்னும் நல்லது. ஒரே கலைவழி சிகிச்சையாளராக, மேற்பார்வையும் இல்லாமல் முதல் வேலையைத் தொடங்கியவர்கள் சோர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். குறை அவர்களிடம் இல்லை.

பள்ளியில் வேலை செய்கிறேன். சிகிச்சையில் ஒரு சிறுவன் வரைந்த படம் அழகாக இருக்கிறது என்று ஆசிரியை அதைச் சுவரில் மாட்டக் கேட்கிறார்.

அன்போடு மறுத்துவிடுங்கள். அது சிகிச்சைக்குள் பிறந்த படம். அவன் சொன்ன சொல்லுக்கு உள்ள இரகசியம் அதற்கும் உண்டு. முதல் வாரத்திலேயே பூட்டக்கூடிய ஓர் அலமாரியும், நடுவில் யாரும் கதவைத் திறக்காத அறையும் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர்களுக்கு அரைமணி நேரம் உங்கள் வேலையை விளக்குங்கள். பலர் அதை ஓவிய வகுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கும் வேலைக்குச் சேராமல், நேராகச் சொந்தமாகச் சிகிச்சை அளிக்கத் தொடங்கலாமா?

சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் முதலில் ஒரு குழுவோடு வேலை செய்யுங்கள். ஒருவர் தற்கொலை எண்ணத்தைச் சொல்லும் நாளில், அடுத்த அறையில் உளநல மருத்துவர் இருப்பது உங்களுக்கும் அவருக்கும் பாதுகாப்பு.

என்னிடம் வரும் தமிழ் அம்மா என்னை ‘மகள்’ என்கிறார். கோயிலிலும் சந்திக்க நேர்கிறது. என்ன செய்வது?

அந்தச் சொல்லைத் திருத்த வேண்டாம். அதில் என்ன எதிர்பார்ப்பு இருக்கிறது என்பதை மேற்பார்வையில் பேசுங்கள். கோயில் விஷயத்தை மட்டும் அடுத்த அமர்விலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: “வெளியே நான் முதலில் பேச மாட்டேன் அம்மா. நீங்கள் பேசினால் பேசுவேன். இங்கே நடப்பதை அங்கே எடுக்க மாட்டேன்.”