டீச்சரிடம் கேளுங்கள்: மாடி வெயிலில் வெந்நீர்

மார்கழி நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வெந்நீரைப் பற்றியதாகிவிடும். இந்த மாதம் கமுதி, திருச்சுழி, சாயல்குடி பக்கத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத, நல்ல தண்ணீருக்கு என்றும் பஞ்சம் உள்ள ஊர்கள் இவை. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவுக்குப் பாடம் நடத்திய நாளிலிருந்து நான் சொல்லிவருவதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது, நீங்கள் எந்த நேரத்தில் குளிக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கம்பெனி, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: டீச்சர், எங்கள் ஊர்ப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. எங்கள் வீட்டிலோ இன்னும் சீமைக்கருவேல் விறகு போட்டு, செம்புப் பாய்லரில்தான் வெந்நீர். ஐந்து பேர் இருக்கிறோம். மாமியாருக்கு இளைப்பு, புகை ஆகவில்லை. சோலார் ஹீட்டர் விற்க வந்தவர் 300 லிட்டர் வேண்டும் என்கிறார். எங்கள் போர் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளை பூத்துப்போகும். எது வாங்குவது?
– வாசகி, கமுதி

பதில்: 300 லிட்டர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம், அம்மா. கணக்கைப் பாருங்கள். நல்ல வெயிலில் சோலார் டேங்கில் தண்ணீர் சாதாரணமாக 60 டிகிரிக்குப் போகும். அதை யாரும் அப்படியே மேலே ஊற்றிக்கொள்வதில்லை, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவித்தானே குளிக்கிறோம். 60 டிகிரி வெந்நீர் 100 லிட்டரும் 25 டிகிரி பச்சைத் தண்ணீரும் சேர்ந்தால், 40 டிகிரியில் ஏறக்குறைய 230 லிட்டர் குளியல் தண்ணீர் கிடைக்கும். ஆளுக்கு 20 லிட்டர் வாளியில் இரண்டு வாளி வைத்தாலும் ஐந்து பேருக்கு 200 லிட்டர்தான். ஆகவே 100 லிட்டர் சாதனம் போதும். வீட்டில் விருந்தாளிகள் அடிக்கடி தங்குவார்கள் என்றால் 150. தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் பணம்தான் வீண்.

அடுத்தது தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளை பூக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல் அதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறினால் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். சோலார் ஹீட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று தட்டைப் பெட்டி வகை: கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்புத் தகடும் மெல்லிய செம்புக் குழாய்களும் இருக்கும். உறுதியானது, பல வருடம் உழைக்கும். ஆனால் உங்கள் தண்ணீர் அந்தக் குழாய்களில் நேரடியாக ஓடினால் உப்பு அடைத்துக்கொள்ளும். இடையில் வெப்பமாற்றி (உங்கள் தண்ணீர் அந்தக் குழாய்களில் ஓடாமல், சூட்டை மட்டும் அதற்குக் கடத்தும் அமைப்பு) வைத்த மாடல் இருந்தால்தான் அது உங்களுக்குச் சரிப்படும், விலையும் கூடும்.

இன்னொன்று கண்ணாடி ட்யூப் வகை. இரட்டைச் சுவர் ட்யூப், நடுவில் வெற்றிடம், பிளாஸ்க் மாதிரிதான். வாய் அகலமாக இருப்பதால் சீக்கிரம் அடைக்காது. உப்பு அடியில் போய்த் தங்கும், ஆண்டுக்கு ஒரு முறையாவது ட்யூபைக் கழற்றிக் கழுவலாம். உங்கள் ஊர்த் தண்ணீருக்கு இதைத்தான் சொல்வேன். தேங்காயோ குரங்கோ விழுந்து ஒரு ட்யூப் உடைந்தால் டேங்க் தண்ணீரும் போய்விடும் என்பது இதன் குறை. அதனால் உதிரி ட்யூப் உள்ளூரில் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் போர் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கடினத்தன்மையோடு குளோரைடு அளவையும் கேளுங்கள். குளோரைடு அதிகமான தண்ணீர் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் குண்டூசி போட்டதுபோல் ஓட்டை விழச் செய்துவிடும். அப்படி இருந்தால் உள்ளே எனாமல் பூசிய டேங்க் கேளுங்கள். மக்னீசியம் கம்பி ஒன்றும் உள்ளே இருக்க வேண்டும். டேங்க்குக்குப் பதிலாக அது அரிபடும், தேய்ந்ததும் மாற்ற வேண்டும். கடற்கரைக்குப் பக்கமான சாயல்குடி வாசகர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

செம்புப் பாய்லரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மூட்டம் போட்டால் அது தேவைப்படும். மற்ற நாளெல்லாம் உங்கள் மாமியார் புகையில்லாமல் மூச்சு விடட்டும்.

கேள்வி: சோலார் ஹீட்டருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறதாமே?
– வாசகர், திருச்சுழி

பதில்: இல்லை. அது 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கானது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000. வெந்நீர் சாதனத்துக்கு மத்திய அரசு முன்பு கொடுத்துவந்த மானியம் 2014-இலேயே நின்றுவிட்டது. "மானியம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாடியில் 2 கிலோவாட் பேனல் போட்டிருக்கிறோம். அந்தக் கரண்டிலேயே கீசர் ஓட்டினால் போதாதா, டீச்சர்? தனியாகச் சோலார் ஹீட்டர் எதற்கு?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: ஓட்டலாம், ஆனால் அந்தக் கரண்டுக்கு அதைவிட நல்ல வேலை இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 3.5 யூனிட் வேண்டும். இயற்பியல் கணக்கு அது, எந்தக் கம்பெனி கீசராலும் குறைக்க முடியாது. நம் பக்கத்தில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் கொடுக்கும். அதாவது உங்கள் பேனலில் ஏறக்குறைய பாதி குளிக்கவே போய்விடும். பேனல் இல்லாத வீட்டில் இதே செலவு இரண்டு மாதத்துக்கு 210 யூனிட். இலவச யூனிட்டை இதுவே விழுங்கிவிடும், இரண்டு மாதத்து மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினாலோ குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கான மலிவு விலையும் கைவிட்டுப் போகும்.

பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்குகிறது. வெந்நீர் ட்யூபோ பாதிக்கு மேல் சூடாக்கிவிடும். இடம் இருந்தால் இரண்டையும் வையுங்கள். மாடியில் இடமே இல்லை என்றால் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள். காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். கீசருக்கு 3 யூனிட் ஆகும் இடத்தில் அதற்கு 1 யூனிட் சொச்சம்தான். நம் ஊர்ச் சூட்டுக்கு நன்றாகவே வேலை செய்யும். முதல் செலவு அதிகம், ரிப்பேர் பார்க்க ஏ.சி. மெக்கானிக் வேண்டும்.

கேள்வி: நாங்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சாயங்காலம் வந்து வெந்நீரில் குளித்தால்தான் உடம்பு வலி தீரும். சோலார் ஹீட்டர் எங்கள் கைக்கு எட்டாது. வேறு வழி உண்டா?
– வாசகி, முதுகுளத்தூர்

பதில்: உண்டு, தங்கச்சி. உங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது: நீங்கள் குளிப்பது சாயங்காலம். காலையில் குளிப்பவர்கள்தான் ராத்திரி முழுக்கச் சூட்டைக் காப்பாற்ற வேண்டும், அதற்குத்தான் டேங்க்குக்கும் அதன் பஞ்சு உறைக்கும் அவ்வளவு செலவு.

தோட்டத்துக்குப் போடும் ஒரு அங்குலக் கறுப்பு ஹோஸ் 100 மீட்டர் வாங்குங்கள். அதற்குள் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். நிழல் விழாத வெறுந்தரையில் வட்டமாகச் சுருட்டிப் பரப்பி, ஒரு முனையைக் குழாயோடு சேர்த்து, காலையில் நிரப்பி, மறுமுனையில் வால்வை மூடிவிட்டுப் போங்கள். வந்ததும் திறந்தால் சூடான தண்ணீர் வரும். விளாவினால் இரண்டு பேர் தாராளமாகக் குளிக்கலாம். சித்திரை, வைகாசியில் கை பொசுக்கும் அளவுக்குச் சுடும், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். பொழுது சாய்ந்தால் சூடும் போய்விடும், அதனால் வந்த உடனே குளித்துவிடுங்கள்.

யாராவது பழைய சோலார் ஹீட்டரை மலிவாகக் கொடுத்தாலும் ஆஸ்பெஸ்டாஸ் மேல் ஏற்றாதீர்கள். தண்ணீர் மட்டுமே 100 கிலோ. கூரை தாங்காது.

கேள்வி: வாளியில் போடும் ஹீட்டர் கம்பி ஆபத்தா?
– வாசகர், திருச்சுழி

பதில்: ஆபத்துதான். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது. தண்ணீர் சுட்டுவிட்டதா என்று வாளிக்குள் கையை விட்டுப் பார்ப்பதில்தான் உயிர் போகிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். இரும்பு, அலுமினிய வாளி கூடவே கூடாது. எர்த் இல்லாத பிளக்கில் செருகாதீர்கள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலக்ட்ரீசியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். கசிவு வந்தால் கண் இமைப்பதற்குள் அது கரண்டை நிறுத்திவிடும். கம்பி வைத்திருக்கும் வீடு எதுவானாலும் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது.

கேள்வி: ஹீட்டர் வைத்த முதல் வருடம் கொதிக்கக் கொதிக்க வந்தது. இப்போது வெதுவெதுப்புதான். சர்வீஸ் ஆள் ட்யூபை எல்லாம் மாற்றச் சொல்கிறார்.
– வாசகி, காரியாபட்டி

பதில்: மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாடியில் வெந்நீர் இறங்கும் கேட் வால்வை மூடிவிட்டு, குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறங்கள். குழாயில் நின்ற தண்ணீர் வடிந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்தால், பச்சைத் தண்ணீர் எங்கேயோ வெந்நீர் லைனுக்குள் நுழைகிறது. பெரும்பாலும் மிக்ஸர் குழாய்தான் காரணம்: இரண்டு பக்கத் திருகும் திறந்திருக்க, ஷவர் தலையை மட்டும் மூடி வைத்திருப்பார்கள். அதைச் சரிசெய்தாலே போதும், ட்யூப் மாற்ற வேண்டியதில்லை.

சோதனையில் தண்ணீர் நின்றுவிட்டதா? அப்புறம் ட்யூபில் படிந்த தூசியையும், பக்கத்து வேப்ப மரம் வளர்ந்து நிழல் விழுகிறதா என்பதையும் பாருங்கள். குழாய் நீளத்தையும் அளந்து பாருங்கள். முக்கால் அங்குலக் குழாய் 20 மீட்டர் ஓடினால் 6 லிட்டர் ஆறின தண்ணீர் வந்த பிறகுதான் வெந்நீர் தலைகாட்டும். அதைக் கீழே விடாமல் விளாவும் வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழை நாளுக்கு டேங்க்குள்ளேயே கரண்ட் காயில் வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகர், கமுதி

பதில்: என்னைக் கேட்டால் வேண்டாம். ஒருவர் குளிக்க முழு டேங்க்கும் சூடாகும், அணைக்க மறந்தால் பில் எகிறும். மூட்டமான நாளில் பாய்லரோ, ஒரு வாளிக்குத் தனியாகச் சுடவைப்பதோ போதும்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 12 வீடுகளுக்குச் சேர்த்து வாங்குகிறோம். விற்பவரிடம் என்னவெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?
– குழுத் தலைவி, சாயல்குடி

பதில்: சேர்ந்து வாங்குவது ரொம்ப நல்ல காரியம். 12 வீட்டுக்கும் ஒரே மாடல் என்றால், உதிரி ட்யூபும் ரப்பர் வளையமும் குழுவிலேயே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். டேங்க்குக்கு எத்தனை வருட உத்தரவாதம், ட்யூபுக்கு எத்தனை வருடம், உப்புத் தண்ணீரால் வரும் பழுதும் அதில் அடங்குமா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பல உத்தரவாதச் சீட்டுகளில் கடின நீருக்கு விலக்கு போட்டிருப்பார்கள், வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பொருத்தும் நாளில் யாராவது இருவர் மாடியில் கூடவே நில்லுங்கள். ட்யூப் தெற்குப் பார்த்திருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடிமட்டம் சோலார் டேங்க்கின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். காற்றுப் போகும் வென்ட் குழாய், தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாகப் போக வேண்டும், அதன் வாயை யாரும் அடைக்கக் கூடாது. வெந்நீர் லைன் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய்தான், சாதாரண பி.வி.சி. இளகிவிடும். ஸ்டாண்டை காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், ஆடிக் காற்று லேசானதல்ல. முதல் தடவை தண்ணீர் நிரப்புவது விடிவதற்கு முன்பாக இருக்கட்டும். வெயிலில் காய்ந்த வெறும் ட்யூபில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

மொத்தப் பணத்தையும் அன்றைக்கே கொடுக்காதீர்கள். நல்ல வெயில் அடித்த மறுநாள் காலை 6 மணிக்கு, குழாயில் நின்ற ஆறின தண்ணீரை விட்டுவிட்டு, அடுத்து வருவதில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 50 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் மீதியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.