ஒரு நாளைக்கு 5 மாடு அறுத்த கடை ஜேபிஎஸ் ஆனது எப்படி? தோல் மேசையிலிருந்து ஒரு பதில்

கேள்வி: பிரேசிலின் ஜேபிஎஸ் நிறுவனம் ஒரு சிறிய இறைச்சிக்கடையிலிருந்து உலகின் மிகப்பெரிய இறைச்சி நிறுவனமாக வளர்ந்தது எப்படி? அதன் ஆலைகளில் வேலை எவ்வாறு நடைபெறுகிறது?

நான் இறைச்சித் தொழிலில் இருப்பவன் அல்லன். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலுமாக 26 ஆண்டுகளாக டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், தோலைத் தரம் பிரிக்கும் வேலையை, எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் அசார்ட்டிங் வேலையை, பார்த்து வருகிறேன். ஆயினும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஓரளவு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். ஒரு மாடு எப்படி வளர்ந்தது, எப்படி அறுக்கப்பட்டது என்பதையெல்லாம் அதன் தோல் சொல்லிவிடும். பிரேசில் தோல் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

குரோம் உப்பில் பதனிட்டு, ஈரம் காயாமல், வெளிர்நீல நிறத்தில் வரும் தோலை வெட் ப்ளூ என்போம். பிரேசிலிலிருந்து வரும் வெட் ப்ளூவை மேசையில் விரித்தால் முதலில் கண்ணில் படுவது கழுத்தை அடுத்துத் தொய்ந்து சுருங்கிக் கிடக்கும் திமில். அடுத்து, உள்ளங்கை அகலத்துக்குப் பின்தொடையில் பதிந்திருக்கும் சூட்டுக்குறி. முள்கம்பி வேலியில் உரசிய நீளமான கீறல்கள். ஊசி குத்தியதுபோல் விரவிக் கிடக்கும் உண்ணித் தழும்புகள். திமிலைப் பார்த்ததும் நம் நாட்டு மாடு என்று தோன்றும். அது பொய்யும் அன்று. பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெலோர் என்ற இனத்தைச் சேர்ந்தவை. அல்லது அதன் கலப்பு. அந்தப் பெயர் நம் பக்கத்து நெல்லூரின் பெயர்தான். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து 1960-களின் தொடக்கம் வரை கப்பலேறிப் போன ஓங்கோல் மாடுகளின் வம்சம் அது. வெயிலையும் உண்ணியையும் தாங்கி, வெறும் புல்லில் வளரும் அந்த மாடு இல்லாவிட்டால் பிரேசிலின் இறைச்சித் தொழில் இன்றைய அளவுக்கு வந்திருக்காது என்பது என் கருத்து.

நிறுவனத்தின் கதைக்கு வருகிறேன். 1953-இல் கோயாஸ் மாநிலத்தின் அனாபொலிஸ் நகரில் ஜோஸே பட்டிஸ்டா சோப்ரின்யோ என்பவர் ஒரு கசாப்புக்கடையைத் தொடங்கினார். நாளுக்கு 5 மாடு அறுப்பதே அதன் திறன். ஜேபிஎஸ் என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகள். சில ஆண்டுகளில் பிரேசிலியா என்ற புதிய தலைநகரின் கட்டுமானம் தொடங்கியது. வேலூரிலிருந்து சென்னைக்கு உள்ள தூரம்தான் ஏறத்தாழ அனாபொலிஸிலிருந்து அந்த இடத்துக்கும். அங்கே முகாமிட்டிருந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்குக் கறி அனுப்பியதில்தான் கடை, கடை என்ற நிலையைத் தாண்டியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஃப்ரீபோய் என்ற பெயரில் நாட்டுக்குள் ஒவ்வோர் அறுப்புக்கூடமாக வாங்கிச் சேர்த்தார்கள்.

உண்மையான பாய்ச்சல் 2005-க்கும் 2009-க்கும் இடையே நடந்தது. 2005-இல் அர்ஜென்டினாவின் ஸ்விஃப்ட் நிறுவனத்தை வாங்கினார்கள். 2007-இல் சாவோ பாவ்லோ பங்குச்சந்தையில் பங்கு வெளியிட்டு, அதே ஆண்டில் தங்களைவிடப் பெரிதாக இருந்த அமெரிக்காவின் ஸ்விஃப்ட் அண்ட் கம்பெனியைக் கடன்களையும் சேர்த்து சுமார் 140 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டார்கள். 2008-இல் அமெரிக்காவின் ஸ்மித்ஃபீல்டு மாட்டிறைச்சிப் பிரிவும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மன் குழுமமும் சேர்ந்தன. நேஷனல் பீஃப் என்ற மற்றொரு பெரிய நிறுவனத்தையும் வாங்க முயன்றபோது, போட்டி குறைந்துவிடும் என்று அமெரிக்க அரசின் நீதித் துறை வழக்குத் தொடுத்ததால் அதைக் கைவிட நேர்ந்தது. 2009-இல், திவால் நிலையில் இருந்த பில்கிரிம்ஸ் பிரைடு கோழி நிறுவனத்தின் 64 விழுக்காட்டுப் பங்கை 80 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அதே ஆண்டில் பிரேசிலின் பெர்ட்டின் நிறுவனமும் இணைந்தது. எங்கள் தொழிலுக்கு முக்கியமானது இந்தக் கடைசி இணைப்புதான். பெர்ட்டின் தோலில் பெரிய கை.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு இந்த வளர்ச்சியைப் பேசுவது நேர்மையாகாது. உலகச் சந்தையில் மோதக்கூடிய சில உள்நாட்டு நிறுவனங்களை வளர்த்துவிட வேண்டும் என்ற கொள்கையோடு, பிரேசில் அரசின் வளர்ச்சி வங்கியான பிஎன்டிஇஎஸ் கடனும் பங்கு முதலீடுமாகப் பெருந்தொகையைக் கொடுத்தது. நொடித்துப்போன ஆலைகள் மலிவாகக் கிடைத்த நேரத்தில் கையில் பணம் இருந்த ஆள் இவர்கள். அரசியல்வாதிகளுக்கு லஞ்சம் கொடுத்ததை நிறுவனரின் மகன்களான ஜோயெஸ்லி, வெஸ்லி இருவரும் 2017-இல் அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்டார்கள். தாய் நிறுவனமான ஜே அண்ட் எஃப், 1,030 கோடி பிரேசில் ரியால் அபராதத்தை 25 ஆண்டுகளில் செலுத்துவதாக உடன்பட்டது. அதற்குப் பிறகும் நிறுவனம் சாயவில்லை. 2025 ஜூனில் நியூயார்க் பங்குச்சந்தையிலும் ஏறிவிட்டது.

ஏன் சாயவில்லை என்பதற்கு, நான் சிறுவனாக இருந்தபோது பேரணாம்பட்டில் பெரிய கறிக்கடை வைத்திருந்த ஒருவர் சொன்னது எனக்கு இன்றும் பொருத்தமாகப் படுகிறது. "மாட்டு விலை கறியிலேயே போயிடும் தம்பி, வீட்டுக்கு மிஞ்சறது தோலும் கொழுப்பும்தான்" என்பார். மாட்டிறைச்சி ஆலையின் லாப விளிம்பு மிக மெல்லியது. மாட்டின் உயிர் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் எலும்போடு கூடிய உடலாகக் கொக்கியில் தொங்கும். மற்றதெல்லாம் தோல், கொழுப்பு, குடல், ரத்தம், தலை, கால். ஊர்க் கடைக்காரர் இவற்றை ஆளுக்கொருவராக வரும் வியாபாரிகளிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். ஜேபிஎஸ் அத்தனையையும் தன் கூரைக்குள்ளேயே வைத்துக்கொண்டது. கொழுப்பிலிருந்து சோப்பும் பயோடீசலும், தோலின் உட்பகுதியிலிருந்து கொலாஜனும் ஜெலட்டினும், தோலிலிருந்து வெட் ப்ளூவும் சொந்த ஆலைகளிலேயே உருவாகின்றன. தோல் விலை விழுந்து 2019-இல் அமெரிக்காவில் தரம் குறைந்த தோல்களைப் புதைக்கும் நிலை வந்தபோதுகூட, தோலுக்குப் பல வாசல்களைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு அடி குறைவாகவே பட்டிருக்கும் என்று கருதுகிறேன்.

ஆலைக்குள் நடப்பதை ஒரு வரியில் சொன்னால், கார் தொழிற்சாலையில் பாகங்கள் சேர்ந்துகொண்டே போவதுபோல இங்கே மாடு பிரிந்துகொண்டே போகிறது. அமெரிக்காவில் உள்ள ஜேபிஎஸ்ஸின் கிரீலி ஆலை ஒரு நாளில் 5,000-க்கும் மேற்பட்ட மாடுகளைக் கையாளக்கூடியது. உணர்விழக்கச் செய்த மாட்டை மேலே ஓடும் சங்கிலியில் தொங்கவிட்டு, அறுத்து ரத்தம் வடிக்கிறார்கள். அதன்பின் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளியும் நின்ற இடத்திலேயே நின்று, ஒரே வெட்டை நாள் முழுவதும் வெட்டுகிறார். இரண்டாகப் பிளந்த உடல் ஒன்றிரண்டு நாள் குளிர் அறையில் கிடந்து இறுகுகிறது. பிறகு எலும்பு நீக்கி, துண்டுபோட்டு, காற்றை உறிஞ்சிய பிளாஸ்டிக் உறையில் அடைத்துப் பெட்டியாக்குகிறார்கள். இந்தப் பெட்டி முறையை 1967-இல் டகோட்டா சிட்டி ஆலையில் பெரிய அளவில் தொடங்கியது ஐபிபி என்ற அமெரிக்க நிறுவனம். எலும்பையும் கழிவையும் லாரியில் ஊர் ஊராகச் சுமக்கும் செலவு அதனால் நின்றது. கடைகளில் தேர்ந்த கசாப்புக்காரரின் தேவையும் குறைந்தது. ஜேபிஎஸ் அந்த ஏற்பாட்டை உலகளவில் விரித்தது.

இதை என் மேசையிலேயே பார்க்கலாம். நம் பக்கத்துச் சிறிய அறுப்பிடங்களிலிருந்து உப்பிட்டு வரும் தோலில் கத்தி வெட்டு இல்லாத தோல் அரிது. உரித்தவர் ஒருவர், உப்பு போட்டவர் ஒருவர், சந்தையில் வாங்கியவர் ஒருவர் என்று கை மாறி வருவதற்குள் ஓரங்களில் முடி கழன்றிருக்கும். பெரிய ஆலைத் தோலில் உண்ணியும் சூடும் கீறலும் இருக்கும். அவையெல்லாம் மாடு உயிரோடு இருந்தபோது பட்டவை. அறுத்தபின் பட்ட காயம் அநேகமாக இராது. இயந்திரம் தோலை உருளையில் சுற்றி இழுத்து உரிக்கிறது. பக்கத்திலேயே டேனரி இருந்தால் உப்பே இல்லாமல் பச்சையாகவே டிரம்முக்குள் போய்விடுகிறது. இந்த ஒழுங்கைப் பார்த்து நான் வியந்ததுண்டு. அதே ஒழுங்கைக் கையில் தாங்குபவர்கள் சங்கிலியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டிய தொழிலாளர்கள். தோளோடு தோள் நின்று வேலை செய்யும் அந்தக் கூடங்களில் 2020-இல் கொரோனா பரவி கிரீலி ஆலைத் தொழிலாளர்கள் சிலர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிறுவனம் தாக்குப்பிடிக்க மற்றொரு காரணம், ஒரே நாட்டையோ ஒரே பிராணியையோ நம்பாதது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க மாடுகளின் எண்ணிக்கை 1951-க்குப் பிறகு மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியிருந்தது. மாட்டு விலை ஏறியதால் அங்கே மாட்டிறைச்சிப் பிரிவு திணறியது. கோழிப் பிரிவு ஈடுகட்டியது. ஆனால் இவ்வளவும் ஒரே கையில் குவிவதில் உள்ள ஆபத்து 2021 மே இறுதியில் தெரிந்தது. கணினிகளை முடக்கிய ஒரு தாக்குதலால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா ஆலைகளில் வேலை நின்றது, 1.1 கோடி டாலர் கொடுத்து மீண்டார்கள்.

எனக்குத் தீராத உறுத்தல் ஒன்று உண்டு. அமேசான் காட்டை அழித்த மேய்ச்சல் நிலங்களின் மாடுகள் பெரிய ஆலைகளுக்கு வருவதாக 2009-இல் கிரீன்பீஸ் அறிக்கை வெளியிட்டபின், அப்படிப்பட்ட பண்ணைகளிலிருந்து வாங்குவதில்லை என்று நிறுவனங்கள் உறுதியளித்தன. ஆலைக்கு நேரடியாக விற்கும் பண்ணையைச் சரிபார்க்க இப்போது வழி இருக்கிறது. ஆனால் கன்று பிறப்பது ஒரு பண்ணையில், வளர்வது வேறொன்றில், கொழுப்பேறுவது மூன்றாவதில். ஐரோப்பாவுக்குச் ஷூ அனுப்பும் எங்கள் வாடிக்கையாளர்கள் சில ஆண்டுகளாகத் தோல் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேட்கிறார்கள். பேலட்டோடு வரும் தாளில் லாட் எண் இருக்கும், ஆலையின் ஆய்வு எண் இருக்கும், சில நேரம் கடைசியாக விற்ற பண்ணையின் பெயரும் இருக்கும். திமிலைத் தடவி இனத்தைச் சொல்லிவிடுவேன், சூட்டைப் பார்த்து அந்தக் கடைசிப் பண்ணையின் குறியோடு ஒப்பிட்டுவிடுவேன். அந்தக் கன்று முதலில் மேய்ந்த புல் எந்த நிலத்தில் முளைத்தது என்பதற்கு மட்டும் தாளிலும் இடமில்லை, தோலிலும் தடயமில்லை.