வரலாறு படிக்க நான்காவது வருடம்: கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் கல்லூரியில் வரலாறு படிக்க விரும்புகிறாள். ஒரு கல்லூரியில் வழக்கமான மூன்று வருடப் படிப்பு. இன்னொன்றில் அதே படிப்புக்கு நான்கு வருடம். நடுவே இரண்டு முறை, ஆறாறு மாதம், சம்பளத்துடன் வெளியே வேலை பார்க்க வேண்டும். என்னிடம் மூன்று வருடச் செலவுக்குத்தான் பணம் இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்குவதா, ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைப்பதா? “வரலாற்றுக்கு இவ்வளவு செலவா?” என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள்.

பதில்: வரலாறு படிப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. கடனோடும் பட்டத்தோடும், எங்கும் வேலை பார்த்த அனுபவம் இல்லாமல் வெளியே வருவதுதான் சிக்கல். பொறியியல் பட்டம் என்றால் ஆளுக்கு என்ன தெரியும் என்று வேலை கொடுப்பவர் ஓரளவு ஊகித்துக்கொள்வார். வரலாற்றுப் பட்டத்தைப் பார்த்து அப்படி ஊகிக்க முடியாது. குவியலாகக் கிடக்கும் ஆவணங்களைப் படித்து இரண்டு பக்கத்தில் சாரம் தரத் தெரிந்த பெண் என்பதை ஏற்கெனவே செய்த வேலைதான் காட்ட வேண்டும்.

படிப்பின் நடுவே வேலைக்கு அனுப்பும் இந்த ஏற்பாடு புதிதும் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் இதைத் தொடங்கியது பொறியியல் மாணவர்களுக்காக. 1921-இல் அதே நாட்டின் ஆண்டியாக் கல்லூரி, ஆர்தர் மார்கன் தலைமையில், இலக்கியமும் வரலாறும் படித்தவர்களையும் மாறி மாறி வகுப்புக்கும் வேலைக்கும் அனுப்பத் தொடங்கியது.

சரி, கணக்குக்கு வருவோம். நான்கு வருடம் என்றதும் நான்கு வருடக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டீர்களா? வேலை பார்க்கும் மாதங்களுக்கும் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், நீங்கள் கட்டப்போவது ஏறக்குறைய அதே மூன்று வருடக் கட்டணம்தான். அந்த மாதங்களின் வாழ்க்கைச் செலவை அவள் சம்பளம் ஓரளவாவது தாங்கும். அப்போது உண்மையான நஷ்டம், முழுநேர வேலைக்கு ஒரு வருடம் தாமதமாகப் போவது. அந்த வருடச் சம்பளத்திலிருந்து படிக்கும்போது வாங்கும் சம்பளத்தைக் கழியுங்கள். அனுபவம் இல்லாதவர்கள் படிப்பு முடிந்து வேலை தேடி அலையும் மாதங்களையும் கழித்தால், மிஞ்சுவது பெரிதாக இருக்காது.

கட்டணம் உண்டு என்றால் கடன் தேவைப்படலாம். அதைக் கடைசி வருடத்தில் வாங்குங்கள். வருடத்துக்கு 10 சதவீதக் கூட்டு வட்டியில் முதல் வருடத் தொடக்கத்தில் 100 வாங்கினால், நான்கு வருடம் முடியும்போது அது 146 ஆகியிருக்கும். கடைசி வருடத் தொடக்கத்தில் வாங்கினால் 110 மட்டும். எனவே கையிருப்பை முதலில் செலவழியுங்கள், ஆனால் குடும்பத்தின் ஆறு மாதச் செலவைத் தனியே வைத்துவிட்டு. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்ட வசதி இருக்கிறதா என்றும் கடன் தருபவரிடம் கேளுங்கள்.

ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொட வேண்டாம். அவளுக்குப் படிக்கக் கடன் கிடைக்கும், உங்கள் முதுமைக்கு யாரும் தர மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ‘சம்பளத்துடன் வேலை’ என்று கல்லூரி விளம்பரத்தில் போட்டிருப்பது எல்லாத் துறைக்கும் பொருந்தாமல் போகலாம். கணினி மாணவர்களுக்கு நல்ல சம்பளமும், வரலாற்று மாணவர்களுக்கு ‘அனுபவம் கிடைக்குமே’ என்ற ஆறுதலும் தரும் இடங்கள் உண்டு. ஊதியமில்லாத ஆறு மாதத்துக்கு அறை வாடகையும் போக்குவரத்தும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதாவது அவள் வேலை செய்ய நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். அதற்காகக் கடன் வாங்க நான் சொல்ல மாட்டேன்.

அப்படித் தெரியவந்தால் மூன்று வருடக் கல்லூரியே போதும். இரண்டாம் வருடத்திலிருந்து வாரம் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பதிப்பகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், மொழிபெயர்ப்பு, படங்களுக்கு வசன வரி (சப்டைட்டில்) எழுதுதல் என்று எங்காவது சம்பளத்துக்குச் சேரட்டும். விடுமுறையில் முழுநேரமாகச் செய்யட்டும். வாரம் இருபது மணி நேரத்தைத் தாண்டினால் படிப்பு அடிவாங்கும். மதிப்பெண் குறைந்து ஒரு பருவம் திரும்பப் படிக்க நேர்ந்தால் சம்பாதித்தது அதற்கே போய்விடும்.

சேர்வதற்கு முன் அந்த நான்கு வருடக் கல்லூரியில் இறுதியாண்டு வரலாறு படிக்கும் இரண்டு மூன்று பேரிடம் உங்கள் மகளையே பேசச் சொல்லுங்கள். எங்கே வேலை பார்த்தார்கள், வேலையைக் கல்லூரி தேடித் தந்ததா, அவர்களே தேடினார்களா, கையில் எவ்வளவு வந்தது என்று கேட்கட்டும். பதிலை எழுதி அனுப்பினால், கடன் எவ்வளவு வாங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.