தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள இம்மானுவேல் பேராலயத்தில் ஈஸ்டர் எப்படி இருக்கும்? கிறிஸ்தவர் அல்லாதவர்களும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். 1904-இல் திறக்கப்பட்ட கோயில் அது. பக்கத்திலேயே விக்டோரியா தெரு மார்க்கெட்டும் கிரே தெரு ஜும்மா மசூதியும் இருப்பதால், எல்லா மதத்தாரும் நடமாடும் இடம்தான்.

குருத்து ஞாயிறு, பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு எல்லாம் நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் நடப்பதுபோலவேதான். ஒரே ஒரு வழிபாட்டுக்குத்தான் போக முடியும் என்றால், சனிக்கிழமை இரவு நடக்கும் பாஸ்கா (ஈஸ்டர்) திருவிழிப்பு வழிபாட்டுக்குப் போங்கள். வெளியே புதுத் தீ மூட்டி, அதில் பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, இருட்டாக இருக்கும் கோயிலுக்குள் கொண்டு வருவார்கள். அதிலிருந்து ஒருவர் கைத்திரியை அடுத்தவர் பற்றவைக்க, பெஞ்சு பெஞ்சாக வெளிச்சம் பரவும்.

நிறவெறியை விடாமல் எதிர்த்த பேராயர் டெனிஸ் ஹர்லியின் கல்லறை உள்ளேயே இருக்கிறது. அவர் பெயரில் 2015-இல் திறந்த மையம் கோயிலை ஒட்டியே இருக்கிறது. வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடும் மருத்துவமும் தருகிறார்கள். தொண்டு செய்ய விரும்பினால் அங்கே கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கோயிலின் உயிர் அங்கேதான்.

அப்புறம், தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: பெரிய வெள்ளியன்று, டர்பனுக்குத் தெற்கே உள்ள இசிபிங்கோ மாரியம்மன் கோயிலிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களுக்கு ஈஸ்டர் சமயத்தில்தான் விடுமுறை கிடைத்தது. அம்மன் விழாவையும் அப்போதே வைத்துக்கொண்டார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டுக்கும் போய்வரலாம்.